நமக்கு ஒத்துவராதவர்களின் தன்வரலாற்றை ரசித்துப் படிப்பது எப்படி?

கோபிசெட்டிபாளையத்தில் மாதம் ஒரு தன்வரலாறு என்று வைத்துப் படிக்கும் சிறிய வாசகர் வட்டத்திலிருந்து ஓர் அம்மா கேட்ட கேள்வி இது: "காந்தியின் சத்திய சோதனையில் பிள்ளைக்குக் காய்ச்சல் வருகிற இடத்தில் பாதிப் பேர் புத்தகத்தை மூடிவிட்டார்கள். அடுத்து கண்ணதாசனின் வனவாசம் எடுத்தோம். இந்தக் குடியும் கூத்தும் நமக்கெதற்கு என்றார்கள். நம்மைப் போல வாழாதவர்கள், நாம் எடுக்கவே மாட்டாத முடிவுகளை எடுத்தவர்கள் எழுதியதை எரிச்சலில்லாமல் ரசித்துப் படிக்க வழி இருக்கிறதா? எதிலிருந்து தொடங்கலாம்?"

வழி இருக்கிறதுங்க. ஆனால் 'எரிச்சலில்லாமல்' என்கிற நிபந்தனையை முதலில் எடுத்துவிடுங்கள். எரிச்சல் வரட்டும். எந்தப் பக்கத்தில் வந்தது என்று ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போகிற பழக்கம்தான் வேண்டும். நம் கொங்குப் பக்கத்தில் யாராவது ஒரு முடிவைச் சொன்னால் உடனே எழும் கேள்வி 'இது கட்டுபடியாகுமா?' என்பது. தோட்டம், தறி, மில், லாரி, கோழிப்பண்ணை என்று கணக்குப் பார்த்தே தலையெடுத்த ஊர்களுக்கு அது இயல்பு. கேள்வியைக் கைவிட வேண்டியதில்லை, கேட்கும் நேரத்தை மாற்றினால் போதும். பாதிப் புத்தகத்தில் கேட்டால் படிப்பு நின்றுபோகும். முடித்தபின் கேட்டால் ஒரு மாலைப் பொழுது முழுக்கப் பேசலாம்.

படிக்கும்போது மனதில் ஓட வேண்டிய கேள்வி வேறு. 'நானாக இருந்தால் இப்படிச் செய்வேனா?' என்று கேட்டால் பதில் எப்போதும் 'மாட்டேன்'தான். அதோடு பேச்சு முடிந்துவிடும். அதற்குப் பதில் மூன்றைக் கேளுங்கள். அன்றைக்கு அந்த ஆள் முன்னால் எத்தனை வழி திறந்திருந்தது? அவர் எடுத்த முடிவுக்கு விலை கொடுத்தது யார்? அதை அவர் எவ்வளவு தூரம் ஒளிக்காமல் சொல்கிறார்? இந்த மூன்றாவது கேள்வியில்தான் ரசனை இருக்கிறது. தன்வரலாற்றில் இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள், அன்று வாழ்ந்தவர் ஒருவர், பின்னால் உட்கார்ந்து எழுதுகிறவர் இன்னொருவர். வாழ்ந்தவரோடு உங்களுக்குச் சண்டை இருக்கலாம். எழுதுகிறவர் கெட்டிக்காரராக இருந்தால் அந்தச் சண்டைக்கு வேண்டிய சாட்சியங்களை அவரே எடுத்துக் கொடுத்திருப்பார்.

புத்தகத்தைத் திறக்கும் முன் ஒரு துண்டுத்தாளில் நான்கு ஆண்டுகளை எழுதிக்கொள்ளுங்கள்: எழுதியவர் பிறந்த ஆண்டு, கதை தொடங்குகிற ஆண்டு, நிற்கிற ஆண்டு, எழுதப்பட்ட ஆண்டு. யாருக்காக எழுதினார், எங்கே முதலில் வெளிவந்தது என்று கீழே ஒரு வரி. பத்து நிமிட வேலை. முன்னுரையிலும் பதிப்பு விவரத்திலும் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

இதனால் என்ன பயன் என்பதற்கு உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' நல்ல சாட்சி. அவர் பிறந்தது 1855. அந்தத் தொடர் ஆனந்த விகடனில் வரத் தொடங்கியது 1940. 1942 ஏப்ரலில் அவர் மறைந்தபோது 122 அத்தியாயங்களோடு நின்றது, 1950இல்தான் புத்தகமானது. எண்பத்தைந்து வயதுக்காரர் தன் பதினெட்டு, இருபது வயதை எழுதுகிறார் என்று தெரிந்துகொண்டு படித்தால், ஆசிரியரிடம் பாடம் கேட்ட காட்சிகளில் மேற்கோள் குறிக்குள் வரும் உரையாடல்களை வேறு மாதிரி வாசிப்பீர்கள். அறுபது ஆண்டு மனதில் ஊறிய பேச்சு அது. அதற்கு நேர் எதிர் வனவாசம். கண்ணதாசன் 1961இல் தி.மு.க.வை விட்டு வெளியேறினார். புத்தகம் எழுதியதும் அந்த அறுபதுகளிலேயே. புண் ஆறுவதற்கு முன்பே எழுதியது. எடுத்த முடிவுக்கும் எழுதிய நாளுக்கும் இடைவெளி குறைந்தால் எழுத்தில் வழக்காடும் குரல் ஓங்கி நிற்கும். இடைவெளி கூடினால் எல்லாம் விதிப்படி நடந்தது போல ஒரு ஒழுங்கு வந்துவிடும். இரண்டிலும் ஒரு கண் வைத்தே படிக்க வேண்டும். எந்தக் கண் என்பதை அந்தத் துண்டுத்தாள் சொல்லும்.

சத்திய சோதனைக்கும் அதே கணக்குப் போடுங்கள். நவஜீவன் இதழில் 1925 முதல் 1929 வரை வாராவாரம் குஜராத்தியில் வந்தது. கதையோ 1920 நாகபுரி காங்கிரசோடு நின்றுவிடுகிறது. உப்புச் சத்தியாக்கிரகம் அதில் இல்லை. 'மகாத்மா எப்படி ஜெயித்தார்' என்று எதிர்பார்த்து எடுத்தவர்கள் ஏமாந்து, கோபத்தைப் புத்தகத்தின் மேல் காட்டுவது இதனால்தான்.

வாரத்தொடராக வந்தவற்றுக்கு இன்னொரு குணம் உண்டு. ஒவ்வொரு அத்தியாயமும் சில பக்கம், தனக்குள் முடிவது. அதை ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் நூறு பக்கம் ஓட்டினால், அடுத்தடுத்து வரும் சபதங்களும் சோதனைகளும் உபதேசமாகக் காதில் விழும். ஒரு நாளைக்கு மூன்று அத்தியாயம் போதும். 'என் சரித்திரம்' அந்தக் கணக்கில் நாற்பது நாள் சொச்சத்தில் முடியும். மாதம் ஒரு புத்தகம் என்ற உங்கள் வட்டத்தின் விதியை இதற்காகத் தளர்த்தி இரண்டு மாதம் கொடுங்கள்.

இனி உங்கள் ஆட்கள் புத்தகத்தை மூடிய இடத்துக்கு வருவோம். அது சத்திய சோதனையின் மூன்றாம் பாகம். பம்பாயில் குடியிருக்கும்போது இரண்டாவது மகன் மணிலாலுக்கு டைஃபாய்டு, கூடவே நிமோனியா. பையனுக்குப் பத்து வயது. பார்க்க வந்த பார்சி டாக்டர் முட்டையும் கோழி ரசமும் கொடுக்கச் சொல்கிறார். காந்தி மறுத்துவிட்டு, தண்ணீர் வைத்தியம் செய்கிறார். இடுப்புக் குளியல், தண்ணீர் கலந்த ஆரஞ்சுச் சாறு. காய்ச்சல் 104 வரை போகிறது, பையன் இரவில் பிதற்றுகிறான். எந்தத் தாய் தகப்பனுக்கும் இங்கே ரத்தம் கொதிக்கும். கொதிக்கட்டும், ஆனால் மூடாதீர்கள். நோட்டில் மூன்று பத்தி பிரித்து, மேலே சொன்ன மூன்று கேள்விகளையும் இந்தக் காட்சிக்குப் போட்டுப் பாருங்கள்.

திறந்திருந்த வழிகள்: டாக்டர் சொன்னது ஒன்று, தண்ணீர் வைத்தியம் ஒன்று. டைஃபாய்டு கிருமியைக் கொல்லும் மருந்து அந்த டாக்டரிடமும் இல்லை. ஆன்டிபயாடிக் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முந்தைய காலம் அது. முட்டை, ரசம் என்பது உடம்பில் தெம்பு நிற்பதற்கான ஆகாரம். நம்மில் பலர் 'மருந்தைத் தடுத்துவிட்டார்' என்று படித்துக் கோபப்படுகிறோம். அங்கே தடுக்கப்பட்டது ஆகாரம். இதனால் அவர் செய்தது சரியென்று ஆகிவிடாது, ஆனால் சண்டை எதைப் பற்றியது என்பது தெளிவாகும்.

விலை கொடுத்தவர்: பையன். பையனைக் கேட்டேன் என்று எழுதுகிறார் காந்தி. பத்து வயதுப் பிள்ளை அப்பாவிடம் என்ன சொல்லும் என்பது நமக்குத் தெரியும். தாயாரும் விலை கொடுத்தவர்தான், அந்தப் பக்கங்களில் அவர் குரல் அநேகமாக இல்லை.

ஒளிக்காமல் சொன்னது: இங்கேதான் எழுத்தாளர் காந்தி வெளிப்படுகிறார். ஈரத்துணியைச் சுற்றிப் போர்வை போட்டுப் படுக்க வைத்துவிட்டு, தாயாரிடம் ஒப்படைத்து, இரவு பத்து மணிவாக்கில் சௌபாத்திக் கடற்கரைப் பக்கம் காற்று வாங்கப் போகிறார். நடக்கிற நடையெல்லாம் பயம். அதற்கு முன்பே, ஊர் என்ன சொல்லும், அண்ணன் என்ன சொல்வார், பிள்ளைமேல் சோதனை செய்ய எனக்கு என்ன உரிமை என்று தன்னைத்தானே குத்திக்கொள்கிறார். நாம் கேட்க நினைத்ததையெல்லாம் அவரே கேட்டு எழுதிவிட்டார். பையன் பிழைத்தபின், காப்பாற்றியது கடவுளா, தண்ணீரா, பத்தியமும் பராமரிப்பும்தானா என்று யாரால் சொல்ல முடியும் என்கிறார். வெற்றி முழக்கம் போட்டிருக்கக்கூடிய இடம் அது. போடவில்லை. அந்தப் பயத்தை எழுதாமல் விட்டிருந்தால் அது வெறும் பிரசாரப் புத்தகம். உங்கள் ஆட்கள் மூடியது, ஆசிரியர் தன்னைத்தானே கூண்டில் ஏற்றுவதற்கு ஒரு பக்கம் முன்னால்.

நான்காம் பாகத்தில் இன்னும் கடினமான ஒன்று வரும். டர்பன் வீட்டில் தங்கியிருந்த குமாஸ்தா ஒருவரின் மூத்திரப் பானையை எடுக்கும் விஷயத்தில் கஸ்தூரிபாவோடு சண்டை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசல் கேட்டைத் திறக்கிறார், வெளியே தள்ளுவதற்கு. அந்நிய நாட்டில் நான் எங்கே போவேன், வெட்கமில்லையா என்று அந்த அம்மா கேட்பதையும் எழுதுகிறார். படித்துவிட்டு அவர்மேல் மரியாதை கூடுகிறதா குறைகிறதா என்பது அவரவர் பாடு. எழுத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று: அந்தக் காட்சியில் வலுவான பேச்சு முழுவதையும் மனைவிக்கே கொடுத்திருக்கிறார்.

வனவாசத்தில் வேறு வித்தை. கண்ணதாசன் தன்னை 'நான்' என்று சொல்லாமல் 'அவன்' என்று எழுதுகிறார். குடி, பெண்கள், கடன், கட்சி எல்லாம் 'அவன்' செய்தவை. இதில் ஒரு லாபம், ஒரு நஷ்டம். 'நான்' என்றால் சொல்லக் கூசும் விஷயங்களை 'அவன்' என்றதும் கூச்சமில்லாமல் சொல்ல முடிகிறது. படிக்கிறவருக்கும் ஒரு கதாபாத்திரத்தைப் பார்க்கிற தூரம் கிடைக்கிறது. நஷ்டம் என்னவென்றால், பழியும் அந்த 'அவன்' தலையிலேயே விழுந்துவிடுகிறது. எழுதுகிறவர் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். எந்தெந்தக் காட்சியில் 'அவன்' பரிதாபமாகவும், எந்தெந்தக் காட்சியில் மற்றவர்கள் மட்டும் மோசமாகவும் தெரிகிறார்கள் என்று குறித்துக்கொண்டு போங்கள், குடியும் கூத்தும் இரண்டாம் பட்சமாகிவிடும். முடிந்தால் கருணாநிதியின் 'நெஞ்சுக்கு நீதி' முதல் பாகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கட்சியின் அதே ஆண்டுகள், எதிரெதிர் பக்கத்திலிருந்து வரும். இப்படி ஜோடி போட்டுப் படிப்பதைவிட நல்ல உபாயம் எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு புத்தகத்தைத் தனியாகப் படித்தால் நாம் நீதிபதியாகிவிடுகிறோம். இரண்டைச் சேர்த்துப் படித்தால் அவர்களே பேசிக்கொள்வார்கள்.

உங்கள் வட்டத்துக்கு நான் சொல்லக்கூடிய ஆகச் சிறந்த ஜோடி வேறு. ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்த தலைவர் இரட்டைமலை சீனிவாசனின் 'ஜீவிய சரித்திரச் சுருக்கம்', 1939இல் வந்த மெல்லிய புத்தகம். உ.வே.சா.வின் 'என் சரித்திர'த்தோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. ஒரு மாலையில் முடித்துவிடலாம். சீனிவாசனும் உ.வே.சா.வும் ஏறத்தாழ ஒரே வயதுக்காரர்கள். உ.வே.சா. திருவாவடுதுறை மடத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டதை நூற்றுக்கணக்கான பக்கங்களில் ரசித்து ரசித்து எழுதுகிறார். சீனிவாசன் நம் கோயமுத்தூர்க் கல்லூரியில் படித்ததைச் சில வரிகளில் சொல்லிவிட்டுப் போகிறார். சுமார் நானூறு மாணவர்களில் பத்துப் பேர் போக மற்றவர்கள் பிராமணர்கள். பழகினால் சாதி, குடும்பம், இருப்பிடம் தெரிந்துவிடும், தெரிந்தால் தாழ்வாக நடத்துவார்கள் என்று பயந்து, வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்து, மணி அடித்தபின் வகுப்புக்குள் போவார்.

இதைப் படித்ததும் 'நானாக இருந்தால் தைரியமாகச் சொல்லியிருப்பேன்' என்று வட்டத்தில் யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார். அவரிடம் திருப்பிக் கேட்க வேண்டியது முதல் கேள்விதான். அந்தப் பையன் முன்னால் எத்தனை வழி இருந்தது? சொன்னால் அவமானம், சொல்லாவிட்டால் தனிமை, இரண்டும் வேண்டாமென்றால் படிப்பை விட வேண்டும். மூன்றில் படிப்பு மிஞ்சுகிற ஒன்றை எடுத்தார். பின்னாளில் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்தவர் அவர். எழுதிய அளவையும் கவனியுங்கள். பள்ளி நட்பைப் பற்றி எழுத அவருக்கு ஒன்றும் இல்லை, அதனால் சில வரிதான். புத்தகம் ஏன் ஒல்லி என்பதே அந்த வாழ்க்கையைப் பற்றிய தகவல்.

இந்த இடத்தில் வெளிப்படையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். புத்தகத்தை எடுத்ததும் எழுதியவர் 'எந்த ஆளுங்க' என்று பார்த்துவிட்டு, அதற்குத் தக்கபடி நம்புவதா சந்தேகப்படுவதா என்று முடிவு செய்கிற பழக்கம் நம் ஊர்களில் ஆழமாக இருக்கிறது. படிப்பைக் கெடுப்பதில் அதற்கு இணை வேறில்லை. சாதியைத் தெரிந்துகொள்ளாமல் படியுங்கள் என்று சொல்லமாட்டேன். அது தெரியாமல் மேலே சொன்ன கோயமுத்தூர்க் காட்சி புரியவே புரியாது. ஆனால் அதை மதிப்பெண் போடும் கோலாக எடுத்தால் எந்தப் பக்கமும் புதிதாக எதையும் சொல்லாது.

'என் சரித்திர'த்தையே எடுத்துக்கொண்டாலும், தன் வழிக்கு ஒத்துவராத நூலைப் படிப்பது எப்படி என்பதற்கு அதற்குள்ளேயே பாடம் இருக்கிறது. சைவ மடத்தில் பயின்று, அந்தாதியும் பிள்ளைத்தமிழும் புராணமுமாக வளர்ந்தவர் உ.வே.சா. 1880இல் கும்பகோணத்தில் முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். படித்த நூல்களை அடுக்கிக்கொண்டே போகிறார். கேட்டவர் அசையவில்லை. இதெல்லாம் படித்து என்ன பிரயோசனம், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிற தோரணையில் பேச்சு திரும்புகிறது. சிந்தாமணியோ ஜைன காவியம். ஏடு கையில் கிடைத்தபின் உரையில் வரும் ஜைனச் சொற்கள் பிடிபடவில்லை. என்ன செய்தார்? கும்பகோணத்திலேயே இருந்த ஜைன வீடுகளைத் தேடிப் போய், அவர்கள் சமயத்தை அவர்கள் வாயாலேயே கேட்டுக்கொண்டார். திருநீறு பூசிய நெற்றியை மாற்றிக்கொள்ளவில்லை, சமயத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அந்தக் காவியம் தன் பாஷையில் என்ன சொல்கிறது என்று தெரிய வேண்டும், அவ்வளவே. 1887இல் அச்சிட்டார். (நம் பக்கத்துக்காரர்களுக்கு ஓர் உபரித் தகவல்: விசயமங்கலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் கொங்குவேளிரின் பெருங்கதையும் ஜைனச் சார்புள்ளதுதான், அதையும் 1924இல் அவரே பதிப்பித்தார். பெருந்துறைப் பக்கம் போகிறவர்கள் விசயமங்கலத்து ஜைனக் கோயிலை ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம்.)

அதே புத்தகத்தில் உங்களைச் சீண்டக்கூடியதும் இருக்கிறது. இளம் வயதிலேயே கல்யாணம் ஆனவர், ஆனால் மனைவியைப் பற்றிய பேச்சு மிகக் கொஞ்சம். ஏடு தேடி ஊர் ஊராகப் போன நாட்களில் வீட்டை யார் கட்டிக் காத்தார் என்று புத்தகம் சொல்லாது. 'விலை கொடுத்தவர்' பத்தியில் பக்க எண் போட முடியாமல் வெற்றிடமாக விடுங்கள். அந்த வெற்றிடத்தைக் கண்டுபிடிப்பதும் படிப்பில் சேர்த்திதான்.

கொங்கு மண்ணோடு தொடர்புள்ளவர்களின் புத்தகங்களை முதலில் எடுப்பது எளிது, ஊர் பெயர்கள் கைகொடுக்கும். மோகனூரில் 1888இல் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் 'என் கதை' நல்ல தொடக்கம். போலீஸ் ஏட்டின் மகன், ஓவியராகத் தொழில் தொடங்கி, சர்க்காரை எதிர்த்துப் பாட்டெழுதிச் சிறை போனவர். வாசிக்கச் சரளம், சிரிக்கவும் இடம் உண்டு. காங்கேயத்தை அடுத்த பரஞ்சேர்வழியில் பிறந்த கோவை அய்யாமுத்துவின் 'எனது நினைவுகள்' இன்னொன்று. கோவையைச் சுற்றி மில்கள் எழும்பிக்கொண்டிருந்த காலத்தில், கதர்தான் கதி என்று நின்ற மனிதர். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் மில் எவ்வளவு பெருகியது என்பதை வைத்துப் பார்த்தால், இவர் எந்த ஆற்றில் எதிர்நீச்சல் போட்டார் என்று புரியும். பனியன் கம்பெனிகளுக்கு முந்தைய திருப்பூர் கதருக்குப் பேர்போன ஊர் என்பதையும் நினைவில் வையுங்கள். மில் நூலால் பிழைத்த குடும்பங்கள் இதைப் படித்தால் கட்டாயம் வாதம் வரும். நல்ல வாதமாகவே வரும்.

வ.உ.சிதம்பரம் பிள்ளையின் 'சுயசரிதை' செய்யுளில் இருக்கிறது. அவர் செக்கிழுத்த கோவைச் சிறையும் அதில் வருகிறது. அவர் மறைந்து பத்தாண்டு கழித்து 1946இல் புத்தகமாக வந்தது. கண்ணால் படித்தால் அலுப்பு தட்டும், ஒருவர் வாய்விட்டு வாசிக்க மற்றவர்கள் கேட்க வேண்டும். அகவல் ஓசை காதுக்கு எளிது. ஒரு தடவைக்கு நாற்பது ஐம்பது அடிக்கு மேல் வேண்டாம். தொழில்காரர்கள் நிறைந்த வட்டத்தில் 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பற்றி 'மொதலு போச்சே' என்று யாராவது அங்கலாய்ப்பார்கள். அதை அடக்காதீர்கள். வக்கீல் வருமானம், பங்குதாரர் பணம், எதிரே நின்ற வெள்ளைக்காரக் கம்பெனியின் கட்டணக் குறைப்பு என்று கணக்காகவே பேசவிடுங்கள். கணக்கு முடிகிற இடத்தில், பிறகு ஏன் செய்தார் என்ற கேள்வி தானாக வரும்.

அ. ரேவதியின் 'வெள்ளை மொழி'யை ஆறேழு புத்தகம் பழகியபின் எடுங்கள். நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில் ஆண்பிள்ளையாகப் பிறந்து, பெண்ணாக வாழ்வதற்காக வீட்டைவிட்டுப் போய், டெல்லி, மும்பை, பெங்களூரு என்று அலைந்த திருநங்கையின் தன்வரலாறு. ஆங்கிலத்தில் 2010இலும் தமிழில் 2011இலும் வந்தது. இதில் முதல் கேள்வியே ஆட்டம் காணும். இது அவர் 'எடுத்த முடிவா' என்பதே கேள்வி. அடியும் ஏச்சும் நிச்சயம் என்று தெரிந்தும் திரும்பத் திரும்ப ஊருக்கே வருகிறார். நம் ஊர்ப் பேச்சு, நம் வீட்டுக் கூடம், நம் சொத்துத் தகராறு எல்லாம் அதில் இருக்கின்றன. அடிக்கிற அண்ணன் தம்பிகள் பேசுவதும் நம் பேச்சுதான் என்பதால், இதில் தள்ளி நின்று தீர்ப்புச் சொல்வது சிரமம்.

அடிக்கடி தவறிப்போகும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன். முப்பதாம் பக்கத்துக்குள் தீர்ப்பு எழுதுவது முதலாவது. தன்வரலாறுகள் பெரும்பாலும் ஊர்ப்பெருமை, குலப்பெருமையில் தொடங்கும், அங்கே எல்லோரும் ஒன்றுபோலவே தெரிவார்கள். கால்வாசிப் புத்தகம் தாண்டும்வரை வாயைத் திறப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது, அறிவுரை நூலாகப் படிப்பது. பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்ற கேள்வி அங்கிருந்து வருகிறது. அதை வேறொரு நாள் பேசுங்கள். கிசுகிசு தேடிப் படிப்பது மூன்றாவது, தேடியது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மற்ற பக்கங்கள் எல்லாம் வீண். இதற்கெல்லாம் எதிர்ப்பக்கத்திலும் ஒரு தவறு உண்டு. புரிந்துகொண்டேன் என்றால் ஒப்புக்கொண்டேன் என்று ஆகிவிடுமோ என்று பயந்து, எழுத்தின் அழகைக்கூடப் பாராட்டாமல் இருப்பது. ஒரம்பரைக்கு, அதாவது விருந்தாளியாக, போன வீட்டுக் குழம்பு ருசியாக இருக்கிறது என்று சொன்னால், நாளை முதல் நம் வீட்டிலும் அதுவே என்று அர்த்தமா என்ன?

கூட்டம் நடத்தும் முறையிலும் சிறிது மாற்றம் வேண்டும். பேசத் தொடங்கி முதல் இருபது நிமிடம் 'செய்தது சரி, தப்பு' என்ற பேச்சே கூடாது. என்ன நடந்தது, எப்படிச் சொல்லியிருக்கிறார், எதைச் சொல்லவில்லை, இவ்வளவுதான். யார் எதைச் சொன்னாலும் பக்க எண் காட்ட வேண்டும். இரண்டு பேரை முன்கூட்டியே நியமித்துவிடுங்கள், ஒருவர் ஆசிரியர் தரப்பு, மற்றவர் விலை கொடுத்தவர் தரப்பு. காந்திக்கு எதிராகக் கொதித்தவரிடம் காந்தி தரப்பைக் கொடுப்பதுதான் சுவாரசியம். 'எங்கள் வீட்டில் ஒருதரம் இப்படித்தான்' என்று தொடங்குகிற பேச்சுக்குக் கடைசி அரை மணி நேரத்தை ஒதுக்குங்கள். அதை முன்னால் விட்டால் புத்தகம் திரும்பி வராது.

எல்லாவற்றையும் ரசித்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. மூன்று கேள்விகளில் ஒன்றுக்குக்கூட நூறு பக்கம் கடந்தும் பதில் கிடைக்காத புத்தகங்கள் நிறைய உண்டு. போன ஊர், கிடைத்த மாலை, கைகுலுக்கிய தலைவர் என்று பட்டியலாகவே ஓடும். அவற்றை மூடிவிடலாம். ஆசிரியரின் வழி பிடிக்கவில்லை என்பது மூடுவதற்குக் காரணமாகாது, அவர் தன்னைப் பார்க்கவே மறுக்கிறார் என்பது காரணமாகும். வேடிக்கை என்னவென்றால், நமக்கு முழுக்க ஒத்துப்போகிற ஆட்களின் புத்தகங்களில்தான் இந்தக் குறை நம் கண்ணில் படுவதில்லை. தலையாட்டிக்கொண்டே படித்துவிடுகிறோம்.

வரிசை வேண்டுமென்றால் இப்படி வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் இரட்டைமலை சீனிவாசன், ஒல்லி என்பதால் முறையைப் பழகிக்கொள்ளலாம். அடுத்த மாதம் நாமக்கல் கவிஞர். பிறகு இரண்டு மாதம் 'என் சரித்திரம்'. அதன்பின் பாதியில் விட்ட சத்திய சோதனை, விட்ட பக்கத்திலிருந்து இல்லாமல் மூன்றாம் பாகத்தின் தொடக்கத்திலிருந்து. அப்புறம் அய்யாமுத்து, வனவாசம், வெள்ளை மொழி. நடுவில் எப்போதாவது அலுப்பு வந்தால் பெருமாள்முருகன் தன் தாயாரைப் பற்றி எழுதிய 'தோன்றாத் துணை'யைச் செருகிக்கொள்ளுங்கள். திருச்செங்கோட்டுப் பக்கத்து மேட்டுக்காட்டு வாழ்க்கை, உங்களில் பலருக்குத் தெரிந்த உலகம்.

வாங்கும்போது தலைப்பை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள், பெயர்க் குழப்பம் அதிகம். 'என் கதை' என்று கேட்டால் நாமக்கல் கவிஞருக்குப் பதில் கமலாதாஸின் மொழிபெயர்ப்பு கைக்கு வரும் (அதுவும் உங்கள் தேவைக்கு நல்ல புத்தகம்தான், ஆனால் வேறு). 'நினைவு அலைகள்' என்ற பெயரில் தி.சே.சௌ. ராஜனுக்கும் ஒன்று உண்டு, நெ.து. சுந்தரவடிவேலுவுக்கும் உண்டு. 'என் சரித்திர'த்துக்குச் சுருக்கப் பதிப்பும் இருக்கிறது. முழுதா என்று பார்த்து வாங்குங்கள், 122 அத்தியாயம் இருக்க வேண்டும். சத்திய சோதனை மலிவு விலையில் எங்கும் கிடைக்கும். பழைய பதிப்புகள் அகப்படாவிட்டால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஆசிரியர் பெயரைப் போட்டுத் தேடுங்கள், இல்லையென்றால் ஆகஸ்டில் ஈரோட்டுப் புத்தகத் திருவிழா வரும்வரை பொறுங்கள். அங்கே போகும்போது பட்டியலை ஆசிரியர் பெயரோடு எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.